தோளில் வைக்கும் ஆங்கர்: விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

63 வயது அம்மாவுக்கு வலது தோளில் சூப்பராஸ்பைனேட்டஸ் தசைநாண் முழுத் தடிமனுக்கும் கிழிந்திருக்கிறது. எம்ஆர்ஐ அறிக்கையில் கிழிசலின் அளவு 2.5 சென்டிமீட்டர். மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்தும், தோளில் ஊசி போட்டும் இரவு வலி தீரவில்லை. கீஹோல் ஆபரேஷனில் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி கொடுத்த எஸ்டிமேட்டில், தையல் நூலை எலும்பில் பிடித்து வைக்கும் முளைக்கு, டைட்டானியம் ஆங்கர், கரையும் ஆங்கர், நூலாலேயே ஆன 'ஆல் சூச்சர்' ஆங்கர் என்று மூன்று வரிசை, மூன்று விலை. எதை வைக்கச் சொல்வது, உலோகம் உடம்பிலேயே கிடந்தால் பின்னால் தொந்தரவு வருமா, விலை கூடினது கூடுதலாகத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எந்தப் பொருளில் செய்த ஆங்கர் நல்லது என்பது முதலாவது. கூடுதலாகப் பணம் கட்டினால் அம்மாவின் தசைநாண் மறுபடி கிழியாமல் இருக்குமா என்பதுதான் உங்கள் மனதில் உண்மையாக இருக்கும் கேள்வி. இரண்டுக்கும் பதில் வேறு வேறு.

நான் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவன். தோள்பட்டை ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது கீஹோல் ஆபரேஷன், பல வருடங்களாக என் அன்றாட வேலை. அம்மாவின் எம்ஆர்ஐ படங்களை நான் பார்க்கவில்லை, கையைத் தூக்கச் சொல்லிப் பரிசோதிக்கவும் இல்லை. அதனால் 'இதையே வையுங்கள்' என்று இங்கிருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. எது எங்கே பிடிக்கும், எங்கே கைவிடும், எஸ்டிமேட்டில் இருக்கும் எந்த வரி முக்கியம், எது முக்கியமில்லை என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் ஆங்கருக்கு அங்கே என்ன வேலை என்று பார்த்துவிடலாம். ரொடேட்டர் கஃப் என்பது தோள் மூட்டைச் சுற்றி வந்து மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்த பட்டை. மேலே இருப்பது சூப்பராஸ்பைனேட்டஸ். பெரும்பாலும் கிழிவது அதுதான். கிழிந்த நாண் எலும்பை விட்டுப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அதை இழுத்து வந்து பழைய இடத்தில் வைத்து, எலும்போடு அழுத்திக் கட்ட வேண்டும். பாஸ்டனில் காட்மன் என்ற சர்ஜன் 1911இல் இந்த ஆபரேஷனைப் பற்றி எழுதியபோது ஆங்கர் என்ற ஒன்றே கிடையாது. தோளைத் திறந்து, எலும்பில் துளை போட்டு, அதன் வழியே நூலைக் கோத்துக் கட்டுவதுதான் பல பத்தாண்டுகளுக்கு வழக்கமாக இருந்தது. சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும்போது அப்படிக் கோப்பது சிரமம். நூலைத் தாங்கிய சின்ன முளையை எலும்புக்குள் இறக்கிவிடும் முறை 1980களில் வந்தது. அதுதான் ஆங்கர். நாண் எலும்போடு ஓரளவு ஒட்டி வலுப்பெறச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை நூலை நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் ஆங்கரின் வேலை. அதற்குப் பிறகும் அது அங்கே கிடக்கும், ஆனால் தாங்குவது உங்கள் அம்மாவின் சொந்தத் திசு. அடுத்து வரும் எல்லா ஒப்பீட்டையும் இந்த மூன்று மாதக் கணக்கை வைத்தே படியுங்கள்.

டைட்டானியம்தான் இப்போது புழங்குபவற்றில் பழையது. திருகாணி வடிவத்தில் இருக்கும்; கஃப் ஆபரேஷனில் 5 மில்லிமீட்டரும் அதற்குச் சற்று மேலும் குறுக்களவு உள்ளதைத்தான் அதிகம் வைக்கிறோம். கூர்முனை இருப்பதால் பெரும்பாலும் தனியாகத் துளை போட வேண்டியதில்லை, நேரே திருகி இறக்கலாம். உடையாது, நெளியாது. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது வசதி. ஆபரேஷனுக்குப் பிறகு வலி திடீரென்று கூடினால், ஒரு சாதாரண எக்ஸ்ரேயிலேயே ஆங்கர் இருந்த இடத்தில் இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துவிட முடியும். நீங்கள் பயப்படும் எம்ஆர்ஐ விஷயம்: டைட்டானியத்தை எம்ஆர்ஐ காந்தம் பிடித்து இழுக்காது. அம்மாவுக்குப் பின்னால் தலைக்கோ முதுகுக்கோ எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் தாராளமாக எடுக்கலாம், ஆங்கர் இருப்பதை ஸ்கேன் செய்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். ஆனால் அதே தோளை எம்ஆர்ஐயில் பார்க்கும்போது உலோகத்தைச் சுற்றிப் படம் கலங்கிவிடும், தைத்த நாண் ஒட்டியிருக்கிறதா என்று சரியாகத் தெரியாது. அப்போது அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கும். உண்மையான குறைகள் வேறு இரண்டு. உலோக ஆங்கர் தளர்ந்து வெளியே வந்து மூட்டுக்குள் உரசினால் குருத்தெலும்பைச் சிராய்த்துவிடும். அப்படி நடப்பது அரிது, நடந்தால் காத்திருக்காமல் எடுத்தே ஆக வேண்டும். மறு ஆபரேஷன் தேவைப்பட்டால் பழைய உலோகம் புதிய ஆங்கருக்கு வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். விமான நிலையக் கதவு சத்தம் போடுமா என்ற கவலை வேண்டாம், அவ்வளவு சிறிய டைட்டானியத்துக்கு அது அலறுவது அபூர்வம்.

கரையும் ஆங்கர் என்று சொல்லும்போது மக்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது: சில மாதத்தில் கரைந்து, அந்த இடத்தில் சொந்த எலும்பு நிரம்பிவிடும், உடம்பில் அந்நியப் பொருள் எதுவும் மிஞ்சாது. நடப்பது அவ்வளவு அழகாக இல்லை. முதலில் வந்தவை பாலிகிளைகாலிக் அமிலத்தால் ஆனவை. அவை சில வாரங்களிலேயே வலுவிழந்தன, நாண் ஒட்டுவதற்கு முன்பே பிடி தளர்ந்தது. அடுத்து வந்த பிஎல்எல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமில வகை அதற்கு நேர்மாறு, வருடக்கணக்கில் கரையாமல் கிடக்கும். சிலருக்கு ஆங்கரைச் சுற்றி எலும்பு கரைந்து குழி விழுந்தது, சிலருக்கு மூட்டு உறையில் அழற்சி வந்தது, சிலருக்கு ஆங்கரின் துண்டு உடைந்து மூட்டுக்குள் மிதந்தது. இவையெல்லாம் மருத்துவ இதழ்களில் பதிவானவை. அதன் பிறகு வந்ததுதான் இன்று 'பயோகாம்போசிட்' என்ற பெயரில் விற்பது. அந்தப் பாலிமருடன் டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற, எலும்பில் இருப்பதற்கு நெருக்கமான தாதுவைக் கலந்திருப்பார்கள். எலும்பு உள்ளே வளர்ந்து வர இது உதவும் என்பது நோக்கம். பழைய வகையைவிடத் தொந்தரவு குறைந்திருக்கிறது, எலும்பு ஓரளவு நிரம்புவதும் ஸ்கேனில் தெரிகிறது. முழுதாக நிரம்பும் என்ற உறுதி கிடையாது, எல்லோருக்கும் நிரம்புவதும் இல்லை. எஸ்டிமேட்டில் 'கரையும்' என்று மட்டும் எழுதியிருந்தால், பழைய பிஎல்எல்ஏ வகையா, பயோகாம்போசிட்டா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. இந்த வகை உலோகத்தைவிட எளிதில் உடையும் என்பதையும் சொல்ல வேண்டும். கெட்டியான எலும்பில் முதலில் துளையும் மரையும் போட்டு வழி செய்யாமல் இறக்கினால் ஆங்கரே அதன் கழுத்துப் பகுதியில் முறிந்துவிடும். அவசரமில்லாமல் செய்யும் சர்ஜன் கையில் இது பெரிய பிரச்சினை அல்ல.

உங்கள் எஸ்டிமேட்டில் இல்லாத நான்காவது வகையும் உண்டு. பீக் என்ற கெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. கரையாது, எம்ஆர்ஐ படத்தைக் கெடுக்காது, மறு ஆபரேஷனில் அதன் நடுவிலேயே ட்ரில் போட்டுக் கடந்து போகலாம். எலும்பு அதோடு இறுகி இணைவதில்லை என்பது அதன் மேல் சொல்லப்படும் குறை. முடிச்சு போடத் தேவையில்லாத ஆங்கர்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

ஆல் சூச்சர் வகை வேலை செய்யும் விதமே வேறு. அதில் திருகாணி கிடையாது. மெல்லிய துணிக்குழல் போன்ற ஓர் உறை, அதற்குள் தையல் நூல், அவ்வளவுதான். எலும்பின் மேல் ஒரு வழிகாட்டிக் குழாயை அழுத்திப் பிடித்து, அதன் வழியே சிறு துளை போட்டு, உறையை உள்ளே தள்ளுவோம். பிறகு நூலை வெளிநோக்கி இழுக்கும்போது உள்ளே போன உறை சுருங்கித் திரண்டு, எலும்பின் கெட்டியான மேல் ஓட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். இழுக்கும் கைக்கு அது நன்றாகத் தெரியும். முதலில் நூல் கொஞ்சம் வழுக்கி வரும், பிறகு சட்டென்று நிற்கும். அந்த நிற்றல் தெளிவாக வராவிட்டால் ஆங்கர் இறங்கியதாகக் கணக்கில்லை. துளை 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் எலும்பு அதிகம் வீணாவதில்லை. நெருக்கமாக நிறைய வைக்கலாம். வெளியே வந்தாலும் மூட்டைச் சிராய்க்க அதில் கடினமானது எதுவும் இல்லை. சந்தேகம் எங்கே என்றால், இது முழுக்க முழுக்க அந்த மேல் ஓட்டை நம்பியிருக்கிறது. ஓடு மெலிந்துபோன எலும்பில் பிடி குறையும். சரியாக இழுத்து இறுக்காமல் விட்டால், தோளை அசைக்க அசைக்க உறை உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து துளையை அகலமாக்கும். நாய்களின் தோளில் செய்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்த வகை ஆங்கரைச் சுற்றி நீர்க்கட்டி போன்ற குழிகள் உண்டாயின. மனிதர்களிலும் துளை அகலமாவதை எம்ஆர்ஐயில் பார்க்கிறோம். ஆனால் துளை அகலமானவர்களுக்கெல்லாம் வலி கூடியது, தையல் விட்டுப்போனது என்று காட்டும் சான்று இதுவரை வலுவாக இல்லை. தோள் நழுவும் இளைஞர்களுக்கு மூட்டுக் கிண்ணத்தின் ஓரத்தைத் தைக்கும் ஆபரேஷனில் இந்த வகை எனக்கு மிகவும் பிடித்தது, அங்கே எலும்பு சிறியது, கெட்டியானது. 63 வயதுப் பெண்ணின் மேற்கை எலும்பு அதே போன்ற எலும்பு அல்ல. ஒன்றில் வந்த நல்ல பலனை அப்படியே மற்றதற்கு எடுத்துக்கொண்டு போக முடியாது.

இவற்றில் எது வலுவானது என்று கேட்டால், கம்பெனிக்காரர்கள் ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள்: எத்தனை நியூட்டன் விசையில் ஆங்கர் எலும்பைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது என்று. அந்தச் சோதனைகள் பொய் அல்ல. ஆனால் அவற்றில் பல, செயற்கை எலும்பிலோ பிணத்தின் எலும்பிலோ ஆங்கரை ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்தவை. நோயாளியின் தோளில் நடப்பது ஒரே பெரிய இழுப்பு அல்ல. சின்னச் சின்ன இழுப்புகள், ஆயிரக்கணக்கில், வாரக்கணக்கில். இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. ஆங்கர் வைத்துத் தைத்த தோளில் தையல் விட்டுப்போய் மறுபடி திறந்து பார்த்தபோது எது எதைக் கைவிட்டிருந்தது என்று சிட்னியில் ஜார்ஜ் மர்ரெல் குழுவினர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான தோள்களில் ஆங்கர் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது, நூலும் அறுந்திருக்கவில்லை. நாண்தான் நூலிலிருந்து கிழிந்துகொண்டு போயிருந்தது. மறு ஆபரேஷன்களில் நானும் இதையேதான் அதிகம் பார்க்கிறேன்: முடிச்சு முழுசாக, ஆங்கர் கெட்டியாக, நடுவில் நாண் மட்டும் இல்லை. ஆங்கரே இல்லாமல், எலும்பில் துளை போட்டுக் கீஹோல் முறையிலேயே கட்டியவர்களையும் ஆங்கர் வைத்தவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து இத்தாலியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; தோளின் முடிவான நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே நல்ல எலும்பில், சரியாக வைத்தால், டைட்டானியம், பயோகாம்போசிட், பீக், ஆல் சூச்சர் இவற்றுக்குள் தோளின் பலனில் பெரிய வித்தியாசம் இருப்பதாக இன்றுள்ள ஆய்வுகள் காட்டவில்லை. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

'நல்ல எலும்பில்' என்று சொன்னேன். உங்கள் அம்மா விஷயத்தில் ஆங்கர் தேர்வு உண்மையிலேயே முக்கியமாகக்கூடிய இடம் அதுதான். மாதவிடாய் நின்று பல வருடங்களான பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும். அத்துடன், நாண் கிழிந்து வெகுநாள் ஆனால், அது ஒட்டியிருந்த இடத்தில் இழுவிசையே இல்லாமல் எலும்பு இன்னும் சோர்ந்துவிடும், சில சமயம் குழியும் விழுந்திருக்கும். பூச்சு உதிரும் சுவரில் எந்த விலை ஸ்க்ரூவும் நிற்காது என்பது வீட்டில் அலமாரி மாட்டியவர்களுக்குத் தெரியும். கேமரா வழியாக இதைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எலும்பில் வழி போடும் ஊசியைச் சுத்தியலால் தட்டினால் கெட்டியான எலும்பில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி ஏறும், ஊசி சிறுகச் சிறுக இறங்கும். மெலிந்த எலும்பில் இரண்டு தட்டிலேயே ஊசி சரேலென்று உள்ளே போய்விடும். அப்போதே தெரிந்துவிடும். ஆங்கரை இறக்கிய பிறகு நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்போம், கண் திரையிலேயே இருக்கும். ஆங்கரின் தலை ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் அதை நம்ப மாட்டேன். அதே துளையில் அடுத்த பெரிய குறுக்களவு திருகு ஆங்கரைப் போடலாம், அல்லது பக்கத்தில் கெட்டியான இடம் தேடலாம். மேற்கை எலும்பின் அந்த மேட்டில் எல்லா இடமும் ஒன்றல்ல. மூட்டுக் குருத்தெலும்பின் ஓரத்தை ஒட்டிய மேல்பகுதி அடர்த்தியானது, கீழே வெளிப்புறம் போகப் போக எலும்பு பஞ்சாகும். எந்தக் கோணத்தில் இறக்குவது என்பதிலும் விவாதம் உண்டு. அமெரிக்க சர்ஜன் ஸ்டீபன் பர்க்கார்ட் 1995இல் வேலியின் மூலைக் கம்பத்தை இழுத்துப் பிடிக்க மண்ணில் புதைக்கும் நங்கூரத்தைக் காட்டி, சுமார் 45 பாகைச் சாய்வு நல்லது என்றார். பிறகு வந்த சில சோதனைகளில் மரையுள்ள ஆங்கரைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறக்குவதே மேல் என்று தெரிந்தது. மெலிந்த எலும்பில் நான் மரை ஆழமாக உள்ள, குறுக்களவு பெரிய திருகு ஆங்கரை விரும்புகிறேன், அது டைட்டானியமானாலும் பயோகாம்போசிட்டானாலும். ஆல் சூச்சரை அங்கே தயக்கத்தோடுதான் எடுப்பேன். இது என் அனுபவத்திலிருந்து வரும் விருப்பம். வேறு நல்ல சர்ஜன்கள் வேறு மாதிரி செய்கிறார்கள், அவர்களுக்கும் நல்ல பலன் வருகிறது.

பில்லை உண்மையில் ஏற்றுவது ஆங்கரின் பொருளைவிட எண்ணிக்கைதான். நாணை ஒற்றை வரிசையில் தைத்தால் ஒன்று அல்லது இரண்டு ஆங்கர் போதும். உள்வரிசையில் ஆங்கர் வைத்து, அதன் நூல்களை நாணின் மேலே குறுக்காகப் போட்டு, வெளியே இன்னொரு வரிசையில் முடிச்சில்லாத ஆங்கரால் பூட்டினால் அது இரட்டை வரிசை. மூன்று, நான்கு ஆங்கர் ஆகும். சோதனைக் கூடத்தில் இரட்டை வரிசை வலுவானது, நாண் எலும்பில் படியும் பரப்பும் கூடுகிறது, இதில் கருத்து வேறுபாடு இல்லை. நோயாளிகளில், 3 சென்டிமீட்டருக்குக் குறைவான கிழிசலில் வலியிலும் கை வேலை செய்வதிலும் பெரிய வேறுபாடு காட்டிய ஆய்வுகள் குறைவு. பெரிய கிழிசலில் மறுபடி கிழிவது இரட்டை வரிசையில் குறைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. இழுத்து இறுக்கிக் கட்டிய இரட்டை வரிசை விட்டுப்போகும்போது சில சமயம் நாண் உள்வரிசைக்கு அருகில், தசையை ஒட்டி அறுகிறது. பிறகு தைக்க மிஞ்சும் நாண் மிகக் குறைவு. அம்மாவின் 2.5 சென்டிமீட்டர் எல்லைக்கோட்டில் இருப்பதால், நாண் எவ்வளவு எளிதாக இழுபட்டு வருகிறது என்பதை உள்ளே பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். எஸ்டிமேட்டில் 'இரண்டு முதல் நான்கு ஆங்கர்' என்று போட்டிருந்தால் அதைச் சந்தேகமாகப் பார்க்காதீர்கள். முடிச்சு போடும் ஆங்கரா, முடிச்சில்லாததா என்ற கேள்வியைச் சர்ஜனின் கைப்பழக்கத்துக்கே விட்டுவிடலாம். நூலைப் பொறுத்தவரை, முன்பு பாலியெஸ்டர் நூல் முடிச்சுப் போடும்போதே அறுந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது எல்லா நல்ல ஆங்கரிலும் அதைவிட மிகவும் உறுதியான பாலிஎத்திலீன் இழை நூலோ நாடாவோ வருகிறது. நூல் அறுவது இன்று அபூர்வம்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். தைத்த நாண் ஒட்டுமா என்பதைத் தீர்மானிப்பவை வயது, கிழிசலின் அளவு, தசையில் கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, சர்க்கரை, புகையிலை, அப்புறம் முதல் சில வாரங்களில் அந்தத் தோள் எப்படி நடத்தப்படுகிறது என்பவை. பிரான்சில் பாஸ்கல் புவாலோ குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 65 பேருக்குக் கீஹோல் முறையில் சூப்பராஸ்பைனேட்டஸைத் தைத்துப் பிறகு ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மொத்தத்தில் 71 சதவீதம் பேருக்கு நாண் முழுமையாக ஒட்டியிருந்தது. 65 வயதைத் தாண்டியவர்களில் 43 சதவீதம் பேருக்கு மட்டுமே. முறைகள் அன்றிலிருந்து மேம்பட்டிருக்கின்றன, ஆனால் வயதும் கிழிசல் அளவும் கூடக்கூட ஒட்டும் வாய்ப்பு குறைவது மாறவில்லை. இதைப் படித்துச் சோர்ந்துவிட வேண்டாம். மிகப் பெரிய கிழிசல்களைத் தைத்த 18 பேரை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 17 பேருக்கு அல்ட்ராசவுண்டில் நாண் மறுபடி விட்டிருந்தது. ஆனாலும் முதல் வருடத்தில் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறைந்து, கையைத் தூக்க முடிந்தது. அந்த முன்னேற்றம் சிலருக்குப் பின்னால் தேய்ந்தது. படத்தில் ஒட்டாததும் நோயாளி தேறாததும் ஒன்றல்ல. ஒட்டினால் கையில் வலு கூடுதலாக மிஞ்சும்.

ஆகவே டாக்டரிடம் 'எந்த ஆங்கர்?' என்று தொடங்காமல் வேறு சிலவற்றைக் கேளுங்கள். எம்ஆர்ஐயில் தசைக்குள் கொழுப்பு எந்த நிலையில் இருக்கிறது? இதற்குக் கூட்டாலியே அளவுகோல் என்று பெயர், பூஜ்யம் முதல் நான்கு வரை; மூன்று, நான்கு என்றால் தைத்தாலும் ஒட்டும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆபரேஷனையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். நாண் எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது? எலும்பு மெலிவு இருக்குமா, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா? உள்ளே போன பிறகு முதல் ஆங்கர் பிடிக்காவிட்டால் மாற்று ஆங்கர் தியேட்டரிலேயே தயாராக இருக்குமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் மெலிந்த எலும்பில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். உங்கள் சர்ஜன் வருடக்கணக்கில் ஒரே வகை ஆங்கரை வைத்துப் பழகியிருந்தால், அந்த வகையே அம்மாவுக்கும் இருக்கட்டும் என்பதுதான் என் ஆலோசனை. கையில் பழகிய கருவி எப்போது இறுகியது, எப்போது இறுகவில்லை என்பதை விரல் சொல்லிவிடும். விலை கூடிய ஒன்றை உங்கள் வற்புறுத்தலுக்காக அவர் எடுப்பதில் அம்மாவுக்கு லாபம் இல்லை.

இறக்குமதியா, இந்தியத் தயாரிப்பா என்று ஒருவேளை அடுத்துக் கேட்பார்கள். இந்தியாவில் செய்யப்படும் டைட்டானியம் ஆங்கர்களை நல்ல சர்ஜன்கள் பலர் வைக்கிறார்கள். பயோகாம்போசிட்டில் மட்டும் நான் கொஞ்சம் கவனமாக இருப்பேன், எவ்வளவு நாளில் எப்படிக் கரைகிறது என்பதற்கு நோயாளிகளிடம் பல வருடம் பார்த்த தரவு வெளியான தயாரிப்பாக இருக்க வேண்டும். எதுவானாலும் ஆங்கர் சீல் செய்த பாக்கெட்டில், ஒருமுறை மட்டும் பயன்படுத்த என்று வருவது. பெட்டியில் பெயர், அளவு, லாட் எண், எம்ஆர்பி எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கம். ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து எம்ஆர்ஐ எடுக்கும்போதோ, வேறு ஊரில் வேறு சர்ஜன் பார்க்கும்போதோ, உள்ளே இருப்பது எது என்று அது ஒன்றுதான் சொல்லும்.

எஸ்டிமேட்டில் விலை வித்தியாசம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதற்குச் செலவிடலாம் என்று என்னைக் கேட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒழுங்காகப் போவதற்கு என்பேன். கை நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங்கில் இருக்கும். அந்த நாட்களில் பிசியோதெரபிஸ்ட் அசைக்கலாம், அம்மா தானாகத் தூக்கக் கூடாது. சீக்கிரமே அசைக்கத் தொடங்கினால் மூட்டு இறுகுவது குறையும், ஆனால் பெரிய கிழிசலில் மறுபடி விட்டுப்போகும் ஆபத்து கூடலாம். இந்தத் தராசை எங்கே நிறுத்துவது என்பதில் சர்ஜன்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை, உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கையே பின்பற்றுங்கள். மறுபடி கிழிபவை பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் கிழிகின்றன. கனமான குடத்தைத் தூக்குவது, மேல் அலமாரியிலிருந்து பாத்திரம் இறக்குவது, துணி துவைத்துப் பிழிவது எல்லாம் அதுவரை வேண்டாம். வலி குறைந்ததும் அம்மாக்கள் தாங்களாகவே வேலையில் இறங்கிவிடுவார்கள். வீட்டில் யாராவது ஒருவர் கண்டித்துத் தடுக்க வேண்டும்.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், ஆபரேஷன் தேதிக்கு முன், கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். எட்டைத் தாண்டியிருந்தால் நான் தேதியைத் தள்ளிப்போடச் சொல்வேன், தொற்றும் தோள் இறுகுவதும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யலாம். விழுந்து அடிபட்டு ஒரே நாளில் கிழிந்த நாண் என்றால் வாரங்களைக் கடத்தாமல் தைப்பது நல்லது. வயதில் மெல்லத் தேய்ந்து கிழிந்தது என்றால், ஓரிரு மாதம் எடுத்துக்கொண்டு இவற்றைச் சரிசெய்துவிட்டுப் போவதில் பொதுவாக நஷ்டம் இல்லை. அம்மாவுக்கு இரண்டில் எது என்பதை டாக்டரிடம் கேட்டு, தேதியை அதன்படி வைத்துக்கொள்ளுங்கள்.